மரப்பிசினில் பிறந்த "எலெக்ட்ரிக்"! ஓசூர் வரை ஓடி வந்த ஒரு சொல்லின் கதை

ஓசூர் பக்கம் போகிறவர்கள் ஒரு சொல்லை அடிக்கடி பார்க்கலாம்.

தொழிற்சாலை வாசலில் அந்தச் சொல் இருக்கிறது. ஸ்கூட்டர் விற்கும் கடையின் பலகையிலும் இருக்கிறது. வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் லாரியிலும் இருக்கிறது.

"எலெக்ட்ரிக்" என்பதுதான் அந்தச் சொல்.

இது இங்கிலீஷ் சொல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இது இங்கிலீஷ்காரர்களின் சொந்தச் சரக்கு அல்ல! கிரேக்க நாட்டில் பிறந்து, லத்தீன் மொழியில் வளர்ந்து, பிறகுதான் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கிலீஷ்காரர்களும் இந்தச் சொல்லைக் கடன்தான் வாங்கினார்கள்!

அந்தக் கதையைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? லாபம் இருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டி இன்று ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதைச் செய்யும் வேலைக்குக் கிராமத்துப் பெண்களும் போகிறார்கள். தினமும் கையில் தொடுகிற பொருளின் பெயருக்கு அர்த்தம் தெரியாமல் இருக்கலாமா?

மாறிய ஊர்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ம் ஆண்டில் தர்மபுரியில் இருந்து பிரிந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய 3 மாநிலங்களும் சந்திக்கும் இடம் அது. ஓசூரில் இருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர் தூரம்தான். சூசூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம்.

1970-களில் ஓசூரில் "சிப்காட்" தொழிற்பேட்டை வந்தது. அதன் பிறகு ஊரின் முகமே மாறியது. 1980-ல் "டி.வி.எஸ். 50" என்ற சின்ன மோட்டார் வண்டி ஓசூரில் இருந்து புறப்பட்டது. பால்காரர், காய்கறிக்காரர், பள்ளி ஆசிரியர் என்று பலருக்கும் அது தோழனாக இருந்தது.

டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் "டிட்கோ" நிறுவனமும் சேர்ந்து 1984-ல் "டைட்டன்" கைக்கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலையும் ஓசூருக்குத்தான் வந்தது. "டைட்டன்" என்பதும் கிரேக்கச் சொல்! கிரேக்கப் புராணங்களில் வரும் பூதாகாரமான தெய்வங்களுக்கு அந்தப் பெயர். டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகிய பெயர்களின் முதல் எழுத்துகளும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன.

இப்போது நடப்பது எலெக்ட்ரிக் காலம்.

டி.வி.எஸ். நிறுவனம் 2020 ஜனவரியில் தனது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை அறிமுகம் செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த 2 இளைஞர்கள் 2013-ல் தொடங்கிய "ஏதர்" நிறுவனம், 2021-ல் ஓசூரில் ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்தது. 2020 டிசம்பரில் "ஓலா" நிறுவனம் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 2,400 கோடி ரூபாய் முதலீட்டில், போச்சம்பள்ளியில் 500 ஏக்கர் நிலத்தில் தொழிற்சாலை எழுந்தது. அதைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது.

வாரச் சந்தைக்குப் பெயர் போன ஊர் போச்சம்பள்ளி. மாடும் ஆடும் புளியும் விற்ற ஊரின் பெயர், எலெக்ட்ரிக் வண்டியோடு சேர்த்துப் பேசப்படும் காலம் வந்துவிட்டது!

சீப்பும் காகிதமும்

சரி, சொல்லின் கதைக்கு வருவோம்.

குழந்தைகள் ஒரு விளையாட்டு விளையாடுவது உண்டு. பிளாஸ்டிக் சீப்பால் தலையைப் பரபரவென்று வாருவார்கள். பிறகு அந்தச் சீப்பைச் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். காகிதம் துள்ளி வந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும்!

இந்த வேடிக்கையைக் கிரேக்கர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். அப்போது பிளாஸ்டிக் கிடையாது. அவர்களிடம் இருந்தது "அம்பர்".

அம்பர் என்றால் என்ன? மரத்தில் இருந்து வடியும் பிசின்தான். சாம்பிராணி, குங்கிலியம் எல்லாம் மரப்பிசின்கள் அல்லவா? அதுபோன்ற ஒரு பிசின் மண்ணுக்குள் புதைந்து, லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்து, கல்லைப்போல இறுகிவிட்டது. மஞ்சளாக, தேன் நிறத்தில் பளபளக்கும். ஐரோப்பாவின் வடக்கே, பால்டிக் கடற்கரையில் அது ஏராளமாகக் கிடைக்கும். அதை மணியாகக் கோத்துப் பெண்கள் கழுத்தில் அணிந்தார்கள்.

அந்த மணியைத் துணியால் தேய்த்தால், காய்ந்த புல்லையும் உமியையும் தன் பக்கம் இழுக்கும். கி.மு. 600-ம் ஆண்டு வாக்கில் வாழ்ந்த தேல்ஸ் என்ற அறிஞருக்கு இது தெரிந்திருந்தது என்று பழைய நூல்கள் சொல்லுகின்றன.

அம்பருக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா?

"எலெக்ட்ரான்!"

அந்தப் பெயருக்கு அடியில் இன்னொரு சொல் இருக்கிறது. பிரகாசிக்கும் சூரியனை "எலெக்டோர்" என்று கிரேக்கப் புலவர்கள் பாடினார்கள். "எலெக்ட்ரான்" அதற்கு உறவுச் சொல் என்பது மொழி அறிஞர்களின் கருத்து. அப்படியானால், அதன் அடிப்படை அர்த்தம், "பளபளப்பது" என்பதுதான்.

இந்தப் பளபளப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழுக்கு வரும்போது அது மறுபடியும் தேவைப்படும்.

ராணியின் டாக்டர்

கிரேக்கர்கள் வேடிக்கை பார்த்ததோடு சரி. அதன்பிறகு பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டன.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணியின் காலம். அப்போது வில்லியம் கில்பர்ட் என்ற டாக்டர் இருந்தார். ராணிக்கும் அவர் வைத்தியம் பார்த்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மற்ற நேரத்தில் காந்தத்தை ஆராய்ந்தார்.

அந்தக் காலத்தில் பலர் காந்தத்தையும் அம்பரையும் ஒன்றாகவே நினைத்தார்கள். "இரண்டும் இழுக்கின்றன. ஆகவே இரண்டும் ஒன்றே" என்பது அவர்களின் எண்ணம்.

"இல்லை" என்றார் கில்பர்ட்.

காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். அதைத் தேய்க்க வேண்டியது இல்லை. அம்பரைத் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு அது வைக்கோலையும் இழுக்கும், இறகையும் இழுக்கும். அம்பர் மட்டும் அல்ல. கண்ணாடியைத் தேய்த்தாலும் இழுக்கிறது, கந்தகத்தைத் தேய்த்தாலும் இழுக்கிறது, அரக்கைத் தேய்த்தாலும் இழுக்கிறது. இதை அவர் சோதித்துப் பார்த்துக் காட்டினார்.

இப்படி இழுக்கும் பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும் அல்லவா? "அம்பரைப் போன்றவை" என்ற அர்த்தத்தில் அவர் ஒரு சொல்லை உண்டாக்கினார். 1600-ம் ஆண்டில் வெளிவந்த தமது புத்தகத்தில் அதை எழுதினார்.

அந்தப் புத்தகம் இங்கிலீஷில் எழுதப்படவில்லை. லத்தீனில் எழுதப்பட்டது! "எலெக்ட்ரான்" என்ற கிரேக்கப் பெயருக்கு லத்தீன் வால் ஒன்றை ஒட்டவைத்தார்கள். "எலெக்ட்ரிக்கஸ்" என்று ஆனது. அந்த வாலை இங்கிலீஷ்காரர்கள் பிறகு நறுக்கினார்கள். "எலெக்ட்ரிக்" மிஞ்சியது.

1646-ல் தாமஸ் பிரவுன் என்ற இன்னொரு டாக்டர், இங்கிலீஷில் எழுதிய புத்தகத்தில் "எலெக்ட்ரிசிட்டி" என்ற சொல்லைப் போட்டார்.

இந்தச் சொல் பெரிய இயந்திரத்தில் பிறக்கவில்லை. கழுத்தில் போடும் மணியில் பிறந்தது. அதை வளர்த்தவர்கள் 2 வைத்தியர்கள்!

தாய்மொழி மேல் சந்தேகம்

கில்பர்ட் இங்கிலாந்துக்காரர்தானே? ஏன் தாய்மொழியில் எழுதவில்லை?

அக்காலத்து ஐரோப்பாவில் படிப்பு என்றால் லத்தீன்தான். வைத்தியம், வானநூல், சட்டம் எல்லாம் லத்தீனில்தான் எழுதுவார்கள். இங்கிலீஷ் வீட்டிலும் சந்தையிலும் பேசும் மொழி. "அதில் சாஸ்திரம் எழுத முடியுமா? சொற்களுக்கு எங்கே போவது?" என்று இங்கிலாந்துக்காரர்களே கேட்டார்கள். கில்பர்ட்டுக்குப் பிறகு 87 ஆண்டுகள் கழித்து, 1687-ல், ஐசக் நியூட்டன் தமது மிகப் பெரிய நூலை வெளியிட்டார். அதுவும் லத்தீன்தான்!

அந்த மொழி எப்படி வளர்ந்தது? கூச்சம் பார்க்காமல் கடன் வாங்கியது. வாங்கிய சொல்லுக்குத் தன் சட்டையை மாட்டியது. பிறகு தன் பிள்ளையாகவே வளர்த்தது.

கிருஷ்ணகிரி மாம்பழத்தை அந்த மொழி "மேங்கோ" என்கிறது. அதுகூட "மாங்காய்", "மாங்ஙா" என்ற தமிழ், மலையாளச் சொற்களில் இருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனதுதான். "கட்டுமரம்" போய் "கேட்டமரான்" ஆனது. "சுருட்டு" போய் "ஷெரூட்" ஆனது. நம்மிடமும் அவர்கள் கடன்காரர்கள்!

அரபு நாட்டில் என்ன பெயர்?

கிருஷ்ணகிரி, வாணியம்பாடி பக்கம் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே மின்சாரத்துக்கு "கஹ்ரபா" என்று பெயர். அந்தச் சொல்லின் கதை இன்னும் வேடிக்கை!

அது பாரசீக மொழியில் இருந்து வந்தது. "காஹ்" என்றால் வைக்கோல். "ருபா" என்றால் பறித்துக்கொள்வது. "வைக்கோல் திருடன்" என்று சொல்லலாம்! அது எதன் பெயர்? அதே அம்பரின் பெயர்தான். தேய்த்தால் வைக்கோலை இழுப்பதைப் பார்த்துப் பாரசீகர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அரபு மக்கள் அந்தப் பெயரையே மின்சாரத்துக்கும் சூட்டிவிட்டார்கள்.

ஒரு பிசின் மணி இரண்டு பெரிய மொழிக் கூட்டங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது!

தமிழன் வானத்தைப் பார்த்தான்

தமிழ்நாட்டுக்கு மின்சாரம் வந்தபோது அம்பர் கதை இங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதற்குள் ஓர் உண்மை உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. வானத்தில் வெட்டும் மின்னலும், தேய்த்தால் உண்டாகும் சக்தியும் ஒன்றே என்பதுதான் அந்த உண்மை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1750-களில் இதை எடுத்துக் காட்டினார்.

ஆகவே தமிழர்கள் மின்னலில் இருந்து பெயர் எடுத்தார்கள். "மின்" என்றால் ஒளிர்வது, பளபளப்பது. மின்னல், மின்மினி எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. "மின்சாரம்" என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

கிரேக்கன் பளபளக்கும் பிசினைப் பார்த்துப் பெயர் வைத்தான். தமிழன் பளிச்சிடும் மின்னலைப் பார்த்துப் பெயர் வைத்தான். இருவர் சொல்லுக்கும் அடியில் இருப்பது ஒளிதான்!

எல்லையில் பேசும் மற்ற மொழிகளைப் பார்த்தாலும் இப்படித்தான். கன்னடத்திலும் தெலுங்கிலும் மின்சாரத்துக்கு "வித்யுத்" என்கிறார்கள். அது வடமொழிச் சொல். அதற்கும் அர்த்தம் மின்னல்தான். மின்னலுக்குக் கன்னடத்தில் உள்ள சொந்தச் சொல் "மிஞ்சு". அதைக் கேட்டாலே தமிழின் "மின்" நினைவுக்கு வரும்.

ஆனால் ஓசூர்த் தெருவில் விளக்கு அணைந்தால் யாரும் "மின்சாரம்" என்றும் சொல்வது இல்லை, "வித்யுத்" என்றும் சொல்வது இல்லை. தமிழர், கன்னடர், தெலுங்கர் மூவரும் ஒரே சொல்லைத்தான் சொல்லுகிறார்கள்.

"கரண்டு போச்சு!"

அது எந்த மொழி? அதுவும் லத்தீன்தான்! லத்தீனில் "குர்ரேரே" என்றால் ஓடுவது. அதில் இருந்து வந்தது "கரண்டு". அதாவது, ஓடுவது. தமிழ்ப் பாடப் புத்தகம் அதை "மின்னோட்டம்" என்கிறது. அர்த்தம் அப்படியே பொருந்தி இருக்கிறது பாருங்கள்!

வண்டிக்குள் இருக்கும் சொற்கள்

ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கிரேக்கமும் லத்தீனும் குவிந்து கிடக்கும்.

"மோட்டார்": இது லத்தீன். "நகர்த்துவது" என்று அர்த்தம்.

"பாட்டரி": லத்தீனில் "அடிப்பது" என்ற சொல்லில் இருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. கோட்டையை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்தும் பீரங்கிகளுக்கு "பாட்டரி" என்று பெயர். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஜாடிகளைப் பிராங்க்ளின் வரிசையாக நிறுத்தினார். அது பீரங்கி வரிசைபோல இருந்தது. அந்தப் பெயரையே வைத்துவிட்டார்! தமிழில் அதற்கு "மின்கலம்" என்று பெயர். கலம் என்றால் பாத்திரம்.

"லித்தியம்": பாட்டரிக்குள் இருக்கும் உலோகம். 1817-ல் சுவீடன் நாட்டில் ஒரு கல்லுக்குள் அதைக் கண்டுபிடித்தார்கள். கிரேக்க மொழியில் "லித்தோஸ்" என்றால் கல். அதனால் லித்தியம். கருங்கல் வெட்டுவதற்குப் பெயர் போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கல்லின் பெயர் கொண்ட உலோகம் வண்டி ஓட்டுகிறது!

"சார்ஜ்": இது வண்டிக்காரர்களின் சொல். லத்தீனில் "கார்ருஸ்" என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு சொல் உண்டாயிற்று. அது பிரெஞ்சு வழியாக வந்து "சார்ஜ்" ஆனது. "கார்" என்பதும் அதே வண்டிதான். சந்தைக்குப் போகும் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதுபோல, பாட்டரியில் மின்சாரத்தை ஏற்றுகிறோம். "மின்னேற்றம்" என்று தமிழில் சொல்லுவதும் அதைத்தான்.

"எலெக்ட்ரானிக்ஸ்": அணுவுக்குள் மின்சாரத்தைச் சுமக்கும் நுண்ணிய துகள் ஒன்று இருக்கிறது. அதற்கு 1891-ல் ஜான்ஸ்டன் ஸ்டோனி என்ற அயர்லாந்து விஞ்ஞானி "எலெக்ட்ரான்" என்று பெயர் சூட்டினார். பழைய பிசினின் பெயர் புதிய துகளுக்கு வந்துவிட்டது. அதில் இருந்து வந்தது எலெக்ட்ரானிக்ஸ். தமிழில் "மின்னணுவியல்".

ஓசூர் சாலையில் கர்நாடகப் பக்கம் "எலெக்ட்ரானிக் சிட்டி" இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் அதே பிசின்தான்!

பிசின், வண்டி, கல், ஓட்டம், அடி. இந்தப் பெரிய சொற்களுக்குள் இருப்பவை எல்லாம் இவைதான். இவற்றைப் பார்த்து எந்த ஏழைக் குழந்தையாவது பயப்பட வேண்டுமா?

தொரப்பள்ளிக்காரர் தொடங்கிய வேலை

இந்தச் சொற்களுக்கு எல்லாம் தமிழ் சொல்ல முடியுமா என்ற கேள்வி புதியது அல்ல. அதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் ஓசூர் பக்கத்துக்காரர்தான்.

அவர் ராஜாஜி! ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி கிராமத்தில் 1878-ல் பிறந்தவர். அப்போது இந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, 1916-ல், நண்பருடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழில் சொல் உண்டாக்குவதே அந்தச் சங்கத்தின் வேலை.

அதன் பிறகு பலர் வந்தார்கள். 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்தது. பிறகு பாடப் புத்தகங்கள் வந்தன. மின்னோட்டம், மின்னேற்றம், மின்கலம் எல்லாம் இப்படிப் பல கைகள் பட்டு வந்த சொற்கள்.

அவை இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. ஆனால் பட்டறையில் இருக்கின்றனவா?

பள்ளியில் "மின்னேற்றம்" என்று படித்த பெண், தொழிற்சாலைக்குப் போனால் "சார்ஜ்" என்று கேட்கிறாள். இரண்டும் ஒன்று என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், படித்த படிப்பு ஒரு பக்கம், பார்க்கும் வேலை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். "நமக்கு ஒன்றும் தெரியாது" என்ற தாழ்வு எண்ணம் மனதில் புகுந்துவிடும். உண்மையில் அவளுக்குத் தெரியும். பெயர்தான் மாறி இருக்கிறது!

உயிர் காக்கும் சொல்

இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது.

2022-ம் ஆண்டு மார்ச் மாதம். வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் வண்டி தீப்பிடித்தது. புகையில் சிக்கி ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிர் இழந்தார்கள். அந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது.

அந்த ஆண்டு நாட்டின் வேறு சில இடங்களிலும் வண்டிகள் தீப்பிடித்தன. மத்திய அரசு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1-ந் தேதி முதல் கட்டமும், 2023 மார்ச் 31-ந் தேதி இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன.

விதி கடுமையாவது நல்லது. ஆனால் விதி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. வண்டி வீட்டுக்குள் வந்த பிறகு காப்பாற்ற வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வருகிறது. அந்த வண்டிக்கு உரிய சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். வீங்கிப்போன, அடிபட்ட பாட்டரிக்குச் சார்ஜ் போடக் கூடாது. சுடச்சுட இருக்கும் பாட்டரியை ஆறவிட வேண்டும் என்பவை எல்லாம் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியவை. வாசல் வழியை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடுவதும் ஆபத்து. தீப்பிடித்தால் வெளியே ஓட வழி இருக்காது.

இதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர் யார்? வண்டியை வாங்கிய மகன் வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் இருப்பது அம்மாவும் பாட்டியும்தான். அவர்களுக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கை இருந்தால், அது இருந்தும் இல்லாததுபோலத்தான்!

தொழிற்சாலைக்கும் இதே நியாயம்தான். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதை அன்றே சொல்லியது. தொழிற்சாலையில் வைக்கும் அறிவிப்புகள் இங்கிலீஷோடு, தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. சட்டங்கள் பிறகு மாறலாம். அந்த நியாயம் மாறாது.

மின்கம்பத்தில் தொங்கும் பலகையைப் பாருங்கள். மண்டை ஓடும் எலும்பும் வரைந்து, "அபாயம்" என்று தமிழில் எழுதி இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடக் குழந்தையை அந்தப் பக்கம் விடமாட்டாள். அதுபோன்ற தெளிவுதான் வேண்டும்.

இரண்டு கட்சிகள்

இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

"எல்லாவற்றையும் தமிழில்தான் சொல்ல வேண்டும். கரண்டு, சார்ஜ் என்று யாரும் பேசக் கூடாது" என்பது ஒரு கட்சி.

"இந்தத் தமிழ்ச் சொற்கள் யாருக்குப் புரிகின்றன? இங்கிலீஷே இருக்கட்டும்" என்பது மற்றொரு கட்சி.

"எலெக்ட்ரிக்" என்ற சொல்லின் கதை இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லுகிறது.

கடன் வாங்குவது கேவலம் என்றால், இங்கிலீஷ் மொழியே எழுந்து நிற்க முடியாது. ஆகவே "கரண்டு" என்று சொல்லும் பாட்டியை யாரும் திருத்த வேண்டியது இல்லை. அந்தச் சொல் அவருக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்கும் புரிகிறது. அது போதும்.

அதேபோல, தாய்மொழியில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்பதும் பொய். இங்கிலீஷில் சொல்ல முடியாது என்றுதான் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களும் நினைத்தார்கள். முயற்சி செய்தார்கள், முடிந்தது.

ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்ப்பதற்கு அதன் ஊரைக் கேட்க வேண்டாம். அதைக் கையாளும் ஆளுக்கு அது புரிகிறதா என்று கேட்டால் போதும்.

செய்ய வேண்டியது என்ன?

தொழிற்சாலைகள் ஒரு காரியம் செய்யலாம். இயந்திரத்தின் மேல் உள்ள இங்கிலீஷ் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் எழுதலாம். எல்லையில் உள்ள ஊர் ஆகையால், கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வடக்கே இருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆபத்து எச்சரிக்கை அவர்களுடைய மொழியிலும் இருக்கட்டும். தீக்கு மொழி தெரியாது. தீயிடம் இருந்து தப்புவதற்கு மொழி வேண்டும்!

வண்டி விற்கும் கடைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது 10 நிமிடம் செலவு செய்யலாம். சார்ஜ் போடும் முறையை வாங்குகிறவரின் வீட்டாருக்கும் புரியும் மொழியில் சொல்லலாம்.

ஆசிரியர்களும் ஐ.டி.ஐ.யில் சொல்லித்தருபவர்களும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு பெயராலும் சொல்லலாம். "மின்கலம் என்றால் பாட்டரி. பாட்டரி என்றால் மின்கலம்." அவ்வளவுதான். மாணவர்களின் பயம் பறந்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொழிற்சாலையில் இருந்து திரும்பும் மகளிடம், "இன்று என்ன வேலை, அம்மா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அதற்கு என்ன அர்த்தம்?" என்றும் கேட்கலாம். சொல்லத் தெரிந்தால் அவளுக்குப் பெருமை. தெரியாவிட்டால், மறுநாள் கேட்டுக்கொண்டு வருவாள்.

1902-ம் ஆண்டிலேயே காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 148 கிலோ மீட்டர் தூரம் கம்பி இழுத்து, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் உள்ள கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். மின்சாரத்தின் பலனில் அவர்கள் உழைப்பும் இருந்தது. ஆனால் அதன் அறிவு அன்று அவர்களிடம் வந்து சேரவில்லை. கூலி மட்டும் வந்தது.

இன்று அவர்களுடைய பேத்திகளின் காலம். எலெக்ட்ரிக் வண்டிக்குத் திருகாணி முடுக்குகிற கை, அதன் பெயரின் அர்த்தத்தையும் அறியட்டும். இன்று திருகாணி முடுக்குகிறவள், நாளைக்கு அந்த வண்டியை வரைந்து கொடுப்பவளாக ஆக வேண்டும். அதற்கு முதல் படி, அவள் வாயில் வரும் சொல் அவளுக்குப் புரிவதுதான்.